ஆறுதல்

நோர்தம்டனில் இருந்து வந்த தம்பி
மூன்று தார்ப்பீப்பாயும் ஒரு பழைய கதவும்
கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் வாங்கி
படகு என்றான்.

அங்கே ஒரு கோடையில்
ஒடுங்கிய நீளப்படகொன்றை வாடகைக்கு எடுத்து
ஏழு நாளில் நாற்பது மைல் போனானாம்.
நடந்தால் இரண்டு நாள், என்றேன்.
அதுதான் விசயம், என்றான்.
கரையில் ஒரு கிழட்டு நாய் முந்திப் போனதாம்,
திரும்பிப் பார்த்ததாம், இரக்கப்பட்டுக் காத்து நின்றதாம்.
பெற்றோல் நிலையத்தில் இரவுவேலை செய்கிற கமலேந்திரனுக்கு
முந்தப்படுவது அவ்வளவு பிடித்திருக்கிறது.

அந்தப் படகுகளில் ரோசாப்பூவும் கோட்டையும் கீறுவார்களாம்.
கதவின் ஓரத்தில் கீறினான்.
பூ பூவாகவே வந்தது.
கோட்டை, எத்தனை தரம் அழித்தும்,
கண்டி வீதித் தண்ணீர்த்தாங்கியாக வந்தது,
அதுவும் சரிந்தபடி.
கிடக்கட்டும் என்று விட்டான்.
பெயர் மட்டும் நான் எழுதினேன், நீல எனாமலில்:
ஆறுதல்.

நீர்ப்பாசனக் கந்தோரில்
முறைத்தண்ணீர் அட்டவணை தட்டுகிறவள் நான்.
எந்தத் துருசு, எத்தனை அங்குலம், எத்தனை மணி,
எல்லாம் விரலில் இருக்கிறது.
சிறுபோகத்தின் இரண்டாம் தண்ணீர்: செவ்வாய், விடிய ஐந்து.
படகுக்கென்று ஒரு நிமிடமும் கூட்டவில்லை.
கதவு திறக்கும் திருச்செல்வம்
எங்களைக் காணாதிருக்க ரோச்சை அணைத்தார்.

தண்ணீரின் தலை முன்னே நடந்தது
சருகும் பொலித்தீனும் ஒற்றைச் செருப்பும் தள்ளிக்கொண்டு.
நாங்கள் அதன் இடுப்பில் இருந்தோம்.
மருதமர நிழல் படகில் ஏறியது, இறங்கியது,
ஏறியது.
மோட்டார்சைக்கிள் கழுவிக்கொண்டிருந்த பெடியன் கேட்டான்:
எங்க போறியள்?
கீழ.
ஏன்?
தம்பியிடம் மறுமொழி இல்லை.
ஒரு கதலிப்பழம் எறிந்தான்.

மதகுக்கு மதகு இறங்கி
படகைத் தூக்கிக் கரையால் கொண்டுபோனோம்.
அங்க கதவைச் சாத்தினா தண்ணி ஏறும்,
படகும் சேர்ந்து ஏறும், மலைக்கே போகலாம், என்றான்
மூச்சு வாங்கியபடி.
இங்க கதவு நெல்லுக்கு, என்றேன்
மற்றத் தலைப்பைத் தூக்கியபடி.

பிறகு ஒரு வளைவு வந்தது.
அதில் இருவரும் கதைக்கவில்லை.
படகும் மெதுவாகத்தான் போனது,
அல்லது எனக்கு அப்படி.
வளைவு முடிய, தேத்தண்ணி இருக்கோ, என்றான்.
இருந்தது.

பத்தாம் வாய்க்கால் பிரிகிற இடத்தில்
மண்வெட்டியோடு நின்றா சரசநாயகி.
இரவிரவாக நின்றிருக்கிறா.
பூவைப் பார்த்தா. தாங்கியைப் பார்த்தா.
பெயரை வாசித்து,
ஓமோம், தண்ணியும் அப்பிடித்தான் வருது, என்றா.
வரம்பேறாமல் கால்சாண் கீழே ஓடுகிறது
அவவின் பங்கு.

இறங்குங்கோ ரெண்டுபேரும்.

படகைக் குறுக்கே திருப்பினா.
பீப்பாய்களுக்குக் கீழே வைக்கோல், சேற்றுச் சாக்கு,
என்னுடைய பழைய குடை.
நான் தட்டிய அட்டவணையில் இது இல்லை.
வாய்திறக்காமல் சாக்கை மிதித்துக்கொண்டு நின்றேன்.

தண்ணீர் யோசித்தது.
பிறகு ஏறியது.
படகும் சேர்ந்து ஏறியது,
நாலு விரற்கடை.
முழங்கால் சேற்றோடு நின்ற தம்பி
அக்கா, அக்கா, என்றான்,
வேறொன்றும் சொல்லாமல்.
சரசநாயகி அதற்குள் வயலுக்குள் இறங்கிவிட்டா.

திரும்பி வர லாண்ட்மாஸ்டருக்கு மூவாயிரம்;
தண்ணீர் எங்களை மேலே கொண்டுவராது.
பெட்டிக்குள் சரித்து ஏற்றியதில்
தாங்கி நிமிர்ந்து நின்றது.
பூ சாய்ந்து கிடந்தது.
கதவை மூடிவிட்டு வீட்டுக்குப் போகிற திருச்செல்வம்
சைக்கிளில் எங்களை முந்திக்கொண்டு போனார்,
கொஞ்சத் தூரம் போய்
ஒரு காலை ஊன்றி
நின்றார்.